ஒரு பாகம், ஒரு முழம்

கொல்கத்தாவின் டாக்குரியா ரயில் நிலையம் இரண்டு விதமான தண்ணீருக்கு நடுவில் இருக்கிறது. மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் ரவீந்திர சரோபர். 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வெட்டிய ஏரி அது. தண்ணீர்ப் பரப்பு மட்டும் 73 ஏக்கர். 1958இல் தாகூர் பெயரை வைத்தார்கள், ஆனாலும் பழைய ஆட்கள் வாயில் இன்னும் 'டாக்குரியா லேக்'தான். லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கோ வெறும் 'லேக்'. அதே நிலையத்தில் நின்று தெற்கே போகிற கேனிங் லோக்கலைப் பிடித்தால் கடைசி நிறுத்தத்தில் மாத்லா ஆறு, அதற்கப்பால் சுந்தரவனம், அப்புறம் வங்காள விரிகுடா. ஏரியில் படகுவலிப்புக் கிளப்புகளின் நீண்ட ஒல்லிப் படகுகள். மாத்லாவில் கையில் பொய்ட்டாத் துடுப்போடு டிங்கிக்காரர்கள். கடல் கயாக் பழக ஆசைப்படுகிறவர் இந்த ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார், அவருடைய முதல் கேள்வி பெரும்பாலும் படகைப் பற்றி இருக்கும். அது தப்பு என்பேன். படகை வாடகைக்கு எடுக்கலாம், நண்பரிடம் கடன் வாங்கலாம். ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை உங்கள் உடம்பும் தண்ணீரும் சந்திக்கிற இடம் துடுப்பு. ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது அதைத்தான். முதல் துடுப்பு மரத்துடுப்பாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பழைமைப் பாசத்தால் சொல்லவில்லை. காரணம் சாதாரணமானது: மரத்தைச் சீவலாம்.

கொஞ்சம் விளக்குகிறேன். புதிதாகக் கயாக்கில் உட்காருகிறவருக்குத் தன் அளவு தெரியாது. சட்டை வாங்கப் போனால் 40 என்று சொல்லத் தெரியும், செருப்புக்கு 8 என்று சொல்லத் தெரியும். துடுப்புக்கு? கடையில் 210, 220, 230 சென்டிமீட்டர் என்று நீளம் எழுதியிருக்கும். நீளம் ஒரு அளவுதான். பிடியின் பருமன், இரண்டு கைகளுக்கும் இடையே வேண்டிய இடைவெளி, அலகின் அகலம், தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கலாம் என்று இன்னும் நாலைந்து இருக்கின்றன. அவற்றில் எதுவும் அவருக்குத் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை. பத்துப் பதினைந்து தடவை தண்ணீரில் இறங்கிய பிறகு உள்ளங்கையில் எங்கே கொப்புளம் போடுகிறது, எந்தத் தோள் முதலில் வலிக்கிறது என்பதை வைத்துத்தான் அது புரியும். கார்பன், ஃபைபர், பிளாஸ்டிக் துடுப்புகள் அச்சில் வார்த்து வருபவை. தண்டு சுமார் 30 மில்லிமீட்டர் உருண்டை. சில கம்பெனிகள் சின்னக் கைக்கு என்று கொஞ்சம் மெல்லிய தண்டும் தருகின்றன, அவ்வளவுதான் தேர்வு. வாங்கின பிறகு உங்கள் கைக்கு அது ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் விற்றுவிட்டு வேறு வாங்குவதைத் தவிர வழியில்லை. மரத்தில் அப்படியில்லை. தடிமனாக ஆரம்பித்து, உடம்பு சொல்லச் சொல்ல இழைத்துக்கொண்டே வரலாம். தெரியாதவர் வாங்க வேண்டியது திருத்தக்கூடிய பொருளை. திருத்த முடியாத பொருள் தெரிந்தவருக்கு.

இந்த யோசனையை முழுமையாகச் செய்து பார்த்தவர்கள் கிரீன்லாந்து இனுயிட் மக்கள். மரமே வளராத நாடு. சைபீரிய ஆறுகள் கடலில் தள்ளி, பனிக்கட்டியோடு மிதந்து வந்து கரை ஒதுங்கும் கட்டைதான் அவர்களுக்குக் கிடைத்த மரம். கிடைப்பதற்கு அவ்வளவு அரிதான பொருளை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரே அளவில் பத்துத் துடுப்பு செய்யவில்லை. ஒவ்வொருவர் உடம்புக்கும் ஒன்று செய்தார்கள், நுனி தேயாமல் எலும்பு வைத்துக் கட்டினார்கள். அவர்களுடைய அளவுமுறையைத் தமிழில் சொன்னால் மொழிபெயர்ப்பே தேவைப்படாது. நீளம் ஒரு பாகம், ஒரு முழம். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை பாகம். நம் மீனவர்கள் கடலின் ஆழத்தை இன்றும் இதில்தான் சொல்கிறார்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை முழம், பூக்காரம்மா கணக்கு. நடுவில் பிடிக்கிற பகுதி தோள் அகலம். பிடியின் பருமன், கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து போடும் வளையத்துக்குள் அடங்க வேண்டும். அலகின் அகலம், விரல்கள் சுற்றிப் பிடிக்கிற அளவு. 5 அடி 5 அங்குலம் உயரமுள்ளவருக்குப் பாகம் ஏறக்குறைய 165 சென்டிமீட்டர், முழம் 44, ஆகத் துடுப்பு 209. உயரமும் கைவிரிப்பும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தாலும் எல்லோருக்கும் அப்படியில்லை என்பதால் கையை விரித்தே அளக்க வேண்டும். இதற்கு டேப் கூட வேண்டாம், ஒரு கயிறு போதும்.

குறுகலான அலகு நமக்குப் புதிதும் இல்லை. கட்டுமரத்தில் பயன்பட்ட துடுப்பு மூங்கிலைப் பிளந்த பட்டை, அல்லது மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட ஒரே அகலத்தில் ஓடும் பலகை. தனியாகக் கைப்பிடி கிடையாது. வங்காளத்தில் கையில் பிடித்துப் போடுவது பொய்ட்டா, படகில் கட்டி வலிப்பது தாட். இந்தத் 'தாட்' நாம் 'தண்டு வலித்தல்' என்கிறோமே, அந்தத் தண்டுக்கு உறவுக்காரச் சொல். ஹூக்ளி மாவட்டத்துப் பலாகட் தலைமுறை தலைமுறையாகப் படகு கட்டுகிற ஊர். அங்கே உள்ள ஒரு ஆசாரியிடம் பாகமும் முழமும் சொல்லி, இரண்டு பக்கமும் அலகு வேண்டும் என்றால் கொஞ்சம் விசித்திரமாகப் பார்ப்பார், ஆனால் அவர் கைக்கு அது புதிய வேலை இல்லை.

இனி முக்கியமான ஆட்சேபணை. 'நீங்கள் புகழ்வது மரத்தையா, வடிவத்தையா? கிரீன்லாந்து வடிவத்தில் கார்பன் துடுப்பும் கிடைக்கிறதே?' நியாயமான கேள்வி. மரத்துடுப்பு ரசிகர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள். தோளுக்கு இதம், மணிக்கட்டுக்கு இதம் என்று அவர்கள் அடுக்குகிற நன்மைகளில் பாதி வடிவத்துக்குச் சேர வேண்டியவை. அகலமான கரண்டி அலகு தண்ணீரில் இறங்கிய மறுகணமே முழுப் பரப்பும் பிடித்துக்கொள்ளும். அந்த அதிர்ச்சி அப்படியே தோள்மூட்டுக்குப் போகும். நீளமான ஒல்லி அலகு கத்தி மாதிரி நுனியிலிருந்து இறங்குவதால் சுமை படிப்படியாக ஏறும். இதில் பலர் நம்புகிற ஒரு தப்புக் கணக்கும் உண்டு. ஒல்லியாக இருப்பதால் பரப்பு குறைவு, அதனால்தான் லேசாக இருக்கிறது என்பார்கள். போட்டுப் பாருங்கள்: 80 சென்டிமீட்டர் நீளம், சராசரி 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம் என்றால் 570 சதுர சென்டிமீட்டர் வருகிறது. சாதாரணக் கரண்டி அலகு 600 சொச்சம். பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் அந்தப் பரப்பு எப்போது வேலைக்கு வருகிறது என்பதிலும், கைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதிலும். தள்ளும் பரப்பு கையை ஒட்டி இருந்தால் நெம்புகோல் சின்னது, தோளுக்கு வரும் முறுக்கும் சின்னது. தவிர, இரண்டு அலகுகளும் ஒரே தளத்தில் இருப்பதால் ஒவ்வொரு வலிப்புக்கும் மணிக்கட்டைத் திருக வேண்டிய அவசியமில்லை.

ஆக இவை வடிவத்தின் நன்மைகள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வடிவத்தின் உயிர் அளவில் இருக்கிறது. அளவு உங்களுடையதாக இல்லாவிட்டால் கிரீன்லாந்து வடிவம் வெறும் ஒல்லிக் குச்சி. அச்சில் வார்த்த கார்பனில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற இணைப்பு வைத்து விற்கிறார்கள், உண்மைதான். நீளம் மாறும், பிடியின் பருமன் மாறாது, அலகின் அகலம் மாறாது, பிடியிலிருந்து அலகுக்கு இறங்கும் தோள்பட்டை இருக்கிற இடம் மாறாது. பழகுகிறவருக்குத் திரும்பத் திரும்ப உறுத்துவது இந்த மூன்றும்தான். மரமும் வடிவமும் வேறுவேறு என்று பிரித்துப் பேசலாம். உடம்புக்கேற்ற வடிவம் வேண்டும் என்றவுடன் இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன.

அடுத்தது 'வரலாற்றுச் சான்று'. ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932இல் உல்ம் நகரத்தில் டான்யூப் ஆற்றில் ஒரு மடிப்புக் கயாக்கை இறக்கி, பெரும்பாலும் கடலோரமாகவே வந்து, கொழும்பு, மதராஸ், கல்கத்தா எல்லாம் கடந்து, 1939இல் ஆஸ்திரேலிய எல்லையில் உள்ள சாய்பாய் தீவை எட்டினார். இறங்கும்போது உலகப் போர் ஆரம்பித்திருந்தது, அவரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். 1969இல் பினாகி சாட்டர்ஜியும் ஜார்ஜ் ஆல்பர்ட் டியூக்கும் இதே கல்கத்தாவிலிருந்து 'கானோஜி ஆங்ரே' என்ற சின்னப் படகை வலித்துக்கொண்டே 33 நாளில் அந்தமான் போய்ச் சேர்ந்தார்கள். இவற்றை எடுத்துப் போட்டு 'பார்த்தீர்களா, மரத்துடுப்பின் மகிமை' என்று முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. முடியாது. கார்பன் துடுப்பு சந்தைக்கே வராத காலம் அது, வேறு எதை வைத்து வலித்திருப்பார்கள்? இந்தப் பயணங்கள் காட்டுவது ஒன்றே ஒன்று: நீண்ட தூரத்துக்கு மரம் ஒரு தடையில்லை. மரம் மேல் என்று அவை நிரூபிக்கவில்லை.

அதே அளவுகோலை மறுபக்கத்துக்கும் வைக்க வேண்டும். 'ஏரியில் போய்ப் பாருங்கள், பந்தயக்காரர்கள் மரத்தை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள், அவர்கள் என்ன முட்டாள்களா?' என்பது எதிர்க்கட்சியின் பெரிய அஸ்திரம். கல்கத்தா ரோயிங் கிளப் 1858இல் தொடங்கியது, மெட்ராஸ் போட் கிளப் 1867இல். மதராஸும் கொழும்பும் 1898 முதல் மோதிக்கொள்கின்றன. இந்த நீண்ட கதையின் பெரும்பகுதி மரத்துடுப்பில் நடந்தது, பிறகு உலகம் முழுக்க 1970களின் கடைசியிலிருந்து கலப்புப் பொருள் துடுப்புகள் வந்தன, 1990களின் தொடக்கத்தில் வெட்டுக்கத்தி மாதிரியான பெரிய அலகு வந்து பழைய அலகைப் பந்தயத்திலிருந்து விரட்டியது. பந்தயக்காரர் செய்தது சரி. அவருடைய வேலை வேறு. அவர் துடுப்பு படகின் பக்கத்தில் கொண்டியில் உட்கார்ந்திருக்கிறது, எடையை அந்தக் கொண்டி தாங்குகிறது. 2,000 மீட்டர், ஆறேழு நிமிடம், முழுப் பலம், கரையில் ஒரு பயிற்சியாளர். அங்கே தண்டு இம்மியும் வளையக்கூடாது. கடலில் பழகுகிறவருக்கு இதில் எதுவும் பொருந்தாது. துடுப்பு அவர் கையில் மட்டும் நிற்கிறது, மணிக்கணக்கில் நிற்கிறது, அவர் முழுப் பலத்தைப் போடக் கூடாது என்பதே முதல் பாடம். வளையாத தண்டு பலத்தை வீணாக்காது, பிழையையும் வீணாக்காது. தப்பாகப் போட்ட ஒவ்வொரு வலிப்பையும் அப்படியே மூட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எடை? கையில் எடுத்தவுடன் எல்லோரும் சொல்வது இதைத்தான், அதனால் கணக்காகவே பார்த்துவிடலாம். மேலே சொன்ன அளவில் ஒரு துடுப்பின் கன அளவு சுமார் 2,400 கன சென்டிமீட்டர். மேல்நாட்டில் இதற்கு விரும்புகிற சிவப்பு செடார் தண்ணீரைப் போல் 0.37 மடங்கு கனம், ஆகத் துடுப்பு ஏறக்குறைய 900 கிராம் வரும். நமக்கு அந்த மரம் எளிதில் கிடைக்காது. வங்காளத்து மரக்கடைகளில் கமார் என்று விற்கிற மரம், நம்மூர்க் குமிழ், ஏறத்தாழ அரை மடங்கு. லேசானது, காய்ந்த பிறகு அதிகம் முறுக்கிக்கொள்ளாதது. அதில் செய்தால் 1,150 கிராமைத் தொடும். நல்ல கார்பன் துடுப்பு 700 கிராம். வித்தியாசம் ஏறத்தாழ 450 கிராம். அது பொய்யில்லை, நாளைக்கு எட்டு மணி நேரம் போகிறவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் புதியவர் கார்பனில் ஆரம்பிப்பதில்லை. வாடகைக் கயாக்கோடு அவர் கையில் தருவது அலுமினியக் குழாயில் பிளாஸ்டிக் அலகு மாட்டியது, அதுவே 1,100 கிராமுக்கு மேல். மேலும் எல்லா எடையும் ஒன்றல்ல. பிளாஸ்டிக் துடுப்பில் கனம் இரண்டு கோடியிலும் உட்கார்ந்திருக்கும், வீசும்போது சுத்தியல் மாதிரி இழுக்கும். இழைத்த மரத்தில் நுனி மெலிந்து கனம் நடுவில், கைக்குப் பக்கத்தில் இருக்கும். தராசு ஒன்று சொல்லும், தோள் வேறு சொல்லும். கொல்கத்தா மே மாத வெயிலில் கறுப்புக் கார்பனையும் அலுமினியக் குழாயையும் பத்து நிமிடம் கரையில் போட்டுவிட்டு எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை சொல்வது இன்னொன்று.

மரம் உளுக்கும், கோணும், உடையும் என்பார்கள். எல்லாம் நடக்கக்கூடியதுதான், அதற்குக் காரணம் பெரும்பாலும் மரத்தைத் தேர்ந்தெடுத்த விதம். துடுப்பு மரத்தில் பார்க்க வேண்டியது ரேகை. ஒரு கோடியில் ஆரம்பித்த ரேகை பக்கவாட்டில் வெளியே ஓடிவிடாமல் மறுகோடி வரை போக வேண்டும். பக்கவாட்டில் வெளியேறுகிற இடத்தில்தான் ஒருநாள் முறியும். முடிச்சு நடுத்தண்டில் இருக்கவே கூடாது. அப்படித் தேர்ந்த மரம் முறிவதற்கு முன் பெரும்பாலும் கீறல் விட்டோ முனகியோ சாடை காட்டும், கீறலில் பசை விட்டுக் கட்டிவைத்தால் மறுபடி வேலைக்கு வரும். கார்பன் வலுவானதுதான், ஆனால் பாறையில் அடிபட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து திடீரென்று விடும், அதை ஒட்டித் தர ஊரில் ஆள் தேட வேண்டும். எதுவானாலும் கடலுக்குப் போகும்போது படகின் மேல்தட்டில் இன்னொரு துடுப்பு கட்டியிருக்க வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. பராமரிப்பு என்று பயமுறுத்துவதும் மிகை. வார்னிஷ் வேண்டாம், ஈரக் கைக்கு வழுக்கும், உரிந்தால் அசிங்கம். ஆளிவிதை எண்ணெய், அதாவது கடைக்காரர் மொழியில் லின்சீட் ஆயில், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். அந்தத் துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அப்புறம் எறியுங்கள். வங்காளப் படகுக்காரர்கள் பலகைக்குக் காப் பழச்சாறு பூசுவார்கள். அந்தக் காப் நம் பனிச்சை. துடுப்பில் கை படுமே என்பதால் எண்ணெயே மேல்.

ஒரு இடத்தில் மட்டும் என் கட்சிக்காரர்களோடு சண்டை போடுவேன். 'மரம் மிதக்கும், அது ஒரு பாதுகாப்பு' என்பார்கள். மிதக்கும்தான். 1,150 கிராம் குமிழ்த் துடுப்பை முழுக்க அமுக்கினால் ஒன்றே கால் கிலோவுக்குச் சமமான மேல்தள்ளல் இருக்கும். கவிழ்ந்த கயாக்கைப் புரட்டி எழும்போது அலகு தானாக மேலே வர அது உதவும். ஆளைத் தாங்க ஒன்றே கால் கிலோ எதற்கும் உதவாது. உள்ளே நுரை வைத்த கார்பனும் மிதக்கும், ஆகவே இது மரத்தின் தனிச்சொத்தும் இல்லை. 2022 மே மாதம் இதே ரவீந்திர சரோபரில் பயிற்சியில் இருந்த படகு கால்பைசாகி எனும் கோடைப் புயல்காற்றில் கவிழ்ந்து இரண்டு பள்ளி மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். கடல் இல்லை, ஏரி. கரை கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர். வடமேற்கில் கறுத்தால் கரைக்கு வருவதும், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருப்பதும் எந்தத் துடுப்பு விவாதத்துக்கும் முந்தியவை. துடுப்பு தன் பங்குக்குச் செய்யக்கூடியது சிறிது: ஒல்லி அலகைக் காற்று அகலமான அலகை இழுப்பது போல் இழுக்காது. கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போக அதற்குப் பரப்பு கிடைக்காது. அந்த அளவுக்கு மட்டும் இதைச் சொல்லலாம்.

சரி, செய்யச் சொல்லப் போனால் ஆசாரியிடம் என்ன சொல்வது? நாலு அங்குலம் அகலம், இரண்டு அங்குலம் கனம், ஏழடி நீளத்தில் ரேகை நேராக ஓடும் காய்ந்த கட்டை ஒன்று. நடுவில் நூல் போட்டுக் கோடு. பாகமும் முழமும் சேர்த்து நீளத்தைக் குறித்து வெட்டியபின், நடுவில் தோள் அகலத்துக்கு நடுத்தண்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் நுனிவரை அகன்றுகொண்டே போகும் அலகு. முதலில் இரம்பத்தால் வெளிக்கோடு, பிறகு விளிம்புகளை மெலியவைத்து நடுவில் ஒரு மேடு விட்டு இழைப்பது. ஒரு நாள் வேலை, இரண்டு என்று வையுங்கள். இங்கே ஆசாரியும் நீங்களும் முட்டிக்கொள்வீர்கள். வேலை முடிந்தது என்று காட்ட அவர் வழுவழுவென்று மெல்லியதாக இழைத்துக் கொடுக்கப் பார்ப்பார், அதுதான் அவருடைய தொழில் கௌரவம். வேண்டாம் என்று சொல்லுங்கள். பிடியில் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக, அலகின் விளிம்பில் இரண்டு கூடுதலாக, மொத்தத்தில் கொஞ்சம் முரடாகவே வாங்கி வாருங்கள். பத்துத் தடவை தண்ணீரில் இறங்கிய பிறகு பெருவிரல் அடியில் சிவந்திருக்கும் இடம் எதுவென்று பாருங்கள். துடுப்பில் அதே இடத்தைப் பென்சிலால் குறித்து, இழைப்புளியில் ஒரே ஒரு இழை எடுங்கள். மறுபடி போங்கள்.